கோல் பிடிக்கும் வயது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பாஸ்டன் அருகே ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதுகலை படிக்கிறேன். சென்ற வாரம் எங்கள் பல்கலைக்கழக மாணவர்களின் சிம்பொனி இசைக்குழு நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தேன். பிராம்ஸின் ‘அகாடமிக் ஃபெஸ்டிவல் ஓவர்ச்சர்’, ஷூபர்ட்டின் முற்றுப்பெறாத சிம்பொனி, பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி ஆகிய மூன்றையும் மூன்று மாணவர்கள் கோல் பிடித்து நடத்தினார்கள். பீத்தோவனை நடத்திய பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். உலகமே அறிந்த அந்தத் தொடக்கத்தில் வயலின்கள் ஒருபுறமும் மற்றவை ஒருபுறமுமாகச் சிதறிவிட்டன. பெண்களுக்கு அந்த அதிகாரத் தோரணை வருவதில்லை என்று என் நண்பன் சொன்னான், எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்தச் சிம்பொனியின் இரண்டாம் பகுதி மட்டும் நன்றாக இருந்தது. அவர்களுடைய பேராசிரியர் பார்வையாளர் வரிசையில் சும்மா அமர்ந்திருந்தார். டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்காக அவரே நடத்தியிருக்கலாமே? டிசம்பர் சீசனில் நாம் இளையோருக்கு மதிய மேடையைக் கொடுக்கிறோம், மாலை மேடையை அல்லவே? இசை நடத்துநர் உண்மையில் என்னதான் செய்கிறார், நம் பல்கலைக்கழகங்களில் இத்தகைய குழுக்கள் ஏன் இல்லை என்பதையும் எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

க.

அன்புள்ள க.,

மேலையிசை பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. எனக்கு இருப்பது கேள்வி ஞானம், அதை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லத் துணிவதில்லை. ஆனால் தனியறையில் அமர்ந்து கற்றுக்கொள்ளவே முடியாத தொழில்களைப் பற்றிச் சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் நேராக அங்கே வந்து நின்றது.

நடத்துநர் என்ன செய்கிறார் என்பதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வேகம் என்ன, எந்த வாத்தியம் எங்கே தணியவேண்டும், எந்த இடத்தில் எல்லோரும் மூச்சுவிடவேண்டும் என்பதையெல்லாம் அவர் ஒத்திகைகளிலேயே முடிவு செய்துவிடுகிறார். மேடையில் நீங்கள் பார்த்த கைகள் பெரும்பாலும் அந்த முடிவுகளை நினைவூட்டுபவை. இதற்குமேல் தெரிந்துகொள்ளக் காணொளிகள் ஆயிரம் இருக்கின்றன.

நான் நின்று பேச விரும்புவது உங்கள் டிசம்பர் சீசன் ஒப்பீட்டைப் பற்றித்தான். கேட்பதற்குச் சாமர்த்தியமாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. மதியக் கச்சேரியில் பாடும் பெண் அந்த மேடைக்கு வருவதற்குமுன் பல ஆண்டுகள் வீட்டில் தம்புராவோடு சாதகம் செய்திருப்பாள். வர்ணத்தை மூன்று காலங்களிலும் பாடி, பிசகி, மறுபடியும் பாடி, அந்தப் பிசகுகளில் பெரும்பகுதியை நான்கு சுவர்களுக்குள்ளேயே தீர்த்துவிட்டுத்தான் நம் முன் வந்து அமர்கிறாள். நடத்துநருக்கு அந்த நான்கு சுவர்கள் வாய்ப்பதே இல்லை. அவருடைய வாத்தியம் அறுபது மனிதர்கள். அவர்களை விடுதி அறையில் கொண்டுபோய் வைத்துக்கொள்ள முடியாது. அறையில் அவருக்கு மிஞ்சுவது இசைக்குறிப்புத் தாளும், கண்ணாடியும், ஒலிப்பதிவும் மட்டுமே. இவற்றில் ஒலிப்பதிவுதான் பெரிய ஏமாற்று. அது உங்கள் கையைப் பின்தொடராது, உங்கள் கைதான் அதைப் பின்தொடரும். ஓராண்டு அப்படிப் பழகினால் இன்னொருவர் எடுத்த முடிவுகளுக்குக் கையாட்டுவதில் நிபுணராகிவிடலாம், அவ்வளவுதான். இசைப்பள்ளிகளில் இரண்டு பியானோக்களை வைத்துப் பயிற்சி தருவதும் உண்டு. ஆனால் இரண்டு பேரை ஒன்றாகத் தொடங்கவைப்பதும் அறுபது பேரைத் தொடங்கவைப்பதும் ஒன்றல்ல.

நீங்கள் குறைகூறிய அந்தத் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று குறுகிய சுரங்கள், அதன்பின் ஒரு நீண்ட சுரம் என்றுதான் நம் காதில் விழுகிறது. தாளில் முதலில் எழுதப்பட்டிருப்பது ஒரு மௌனம். இரண்டு எண்ணிக்கை கொண்ட முதல் கட்டத்தில் நான்கில் ஒரு பங்கு அந்த மௌனத்துக்கே போய்விடுகிறது. நம் பாடல்களிலும் சமத்தில் தொடங்காமல் இடம் தள்ளி எடுப்பது வழக்கம்தான், ஆனால் பாடகரின் கையில் தாளம் அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்கும். இங்கே முன்னால் ஒன்றுமே இல்லை. பீத்தோவன் குறித்த வேகத்தில் அந்த மௌனம் ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு அளவே நீடிக்கும். நடத்துநரின் கை யாரும் வாசிக்காத அந்த இடத்தில் இறங்கவேண்டும், முழுப் பகுதியின் வேகமும் அதற்குமுன் கை மேலெழும் ஒரே அசைவில் தெரிந்துவிட வேண்டும். அந்த அசைவில் சிறு தயக்கம் இருந்தாலும் வயலின்கள் தங்கள் தலைவரின் வில்லைப் பார்த்துக் கிளம்பிவிடும், கிளாரினெட்டுகள் கையைப் பார்த்துக் கிளம்பும், டபுள் பாஸ்கள் இருவரையும் பார்த்துவிட்டு மெதுவாக வந்து சேரும். நீங்கள் கேட்ட சிதறல் அநேகமாக இதுதான்.

ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் விருந்தினராகச் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, குளிருக்கு ஒதுங்கும் இடமாகவே நான் மாணவர் இசைக்குழுவின் மாலை ஒத்திகைகளுக்குச் சென்று அமர்வேன். ஒருநாள் மெலிந்த, நெட்டையான ஒரு பையன் இதே தொடக்கத்தை எடுத்தான். சிதறியது. மறுபடி எடுத்தான், மறுபடியும் சிதறியது. அவன் காதுமடல்கள் சிவந்ததைக் கடைசி வரிசையிலிருந்த என்னாலேயே பார்க்க முடிந்தது. அப்போது டபுள் பாஸ் வாசிக்கும் பெண் ஒருத்தி பின்னாலிருந்து, “கையைத் தூக்கும்போது நீ மூச்சை அடக்கிக்கொள்கிறாய், நாங்கள் எதை வைத்து வருவது?” என்று கேட்டாள். அவன் சற்று யோசித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மூக்கால் மூச்சை இழுத்தபடி கையைத் தூக்கினான். அத்தனை பேரும் ஒரே அடியாக வந்து விழுந்தார்கள். அதில் அவனே திகைத்துப்போய்விட்டான். நான்காவது சுரத்தை நடத்துநர் விடுவிக்கும்வரை நிறுத்திப் பிடிக்கவேண்டும் என்பது விதி. விடுவிக்க அவன் மறந்துவிட, அந்தச் சுரம் நீண்டுகொண்டே போனது, வில்லை இழுத்தபடியே எல்லோரும் சிரித்தார்கள். அவன் மூச்சை அடக்குகிறான் என்பதை எந்தக் கண்ணாடியும் அவனுக்குச் சொல்லியிருக்காது.

பின்லாந்தைப் பாருங்கள். அறுபது லட்சம் மக்கள்கூட இல்லாத அந்த நாட்டிலிருந்து எஸா பெக்கா சாலோனென், ஓஸ்மோ வான்ஸ்கா, சாகரி ஓரமோ என்று உலகின் பெரிய மேடைகளுக்கு நடத்துநர்கள் வரிசையாக வந்திருக்கிறார்கள். மூவரும் ஹெல்சின்கியின் சிபேலியஸ் அகாடமியில் 1973 முதல் 1993 வரை பேராசிரியராக இருந்த யோர்மா பனுலாவின் மாணவர்கள். அவர் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. வகுப்புக்கென்றே ஒரு சிறு இசைக்குழுவை வைத்திருந்தார். மாணவர்கள் முறைவைத்து அதை நடத்துவார்கள், தம் முறை இல்லாதபோது வாத்தியத்தோடு அதே குழுவில் அமர்வார்கள். நடத்தியதெல்லாம் காணொளியில் பதிவாகும், பிறகு அதைப் போட்டுப் பார்ப்பார்கள். தவறு செய்வதற்கு ஓர் இடத்தை வாரந்தோறும் திறந்துவைத்தார், அவ்வளவே.

பனுலாவைச் சொன்னதால் உங்கள் நண்பரின் பேச்சுக்கும் வந்துவிடுகிறேன். ஒரு கீழான வாக்கியத்தை நண்பர் வாயில் வைத்துவிட்டு, “எனக்கும் அப்படித்தான் பட்டது” என்று அவர் முதுகுக்குப் பின்னால் நீங்கள் ஒளிந்துகொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆண் ஒருவர் தடுமாறியிருந்தால் ஆண்களுக்குத் தோரணை வராது என்று எழுதியிருப்பீர்களா? பனுலாவே 2014இல் ஒரு பேட்டியில் பெண் நடத்துநர்களைப் பற்றி இப்படிப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். அவரிடம் பயின்றவர்களில் ஒருவரான சுசன்னா மால்க்கி, கோதன்பர்க் சிம்பொனியில் முதன்மைச் செல்லோ கலைஞராக இருந்துவிட்டு நடத்துநராக மாறியவர், 2016 முதல் 2023 வரை ஹெல்சின்கி பில்ஹார்மோனிக் குழுவுக்குத் தலைமை நடத்துநர். நல்ல ஆசிரியரும் மடத்தனமாகப் பேசுவார் என்பதற்குப் பனுலா ஓர் உதாரணம். உங்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை.

டிக்கெட் வாங்கியவர்களின் நியாயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் ரயிலேறிப் போய்விடக்கூடிய தொலைவில் ஹார்வர்டின் பாக் சொசைட்டி ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது. 1954இல் தொடங்கப்பட்ட அந்தக் குழுவை மாணவர்களே நிர்வகிக்கிறார்கள், மாணவர் ஒருவரே நடத்துகிறார். பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான ஜான் ஆடம்ஸும், 2009 முதல் 2017 வரை நியூயார்க் பில்ஹார்மோனிக்கை நடத்திய ஆலன் கில்பர்ட்டும் மாணவப் பருவத்தில் நின்ற மேடை அது. அவர்கள் அந்த வயதில் செய்த பிசகுகளையும் யாராவது உட்கார்ந்து கேட்டிருக்கத்தான் வேண்டும். ஐந்தாம் சிம்பொனி முதன்முதலாக ஒலித்த 1808 டிசம்பர் 22ஆம் தேதி வியன்னாவில் நடந்ததையும் படித்துப் பாருங்கள். குளிரில் நான்கு மணிநேரம் நீண்ட நிகழ்ச்சி, போதிய ஒத்திகை இல்லை. அன்றே அரங்கேறிய, பியானோவும் பாடகர் குழுவும் இசைக்குழுவோடு சேரும் ‘கோரல் ஃபாண்டசி’ நடுவில் குலைந்து நின்றுபோய், மறுபடி தொடங்கப்பட்டது. பியானோவில் இருந்தவர் பீத்தோவன். நீங்கள் அந்த அரங்கில் இருந்திருந்தால் அவரைப் பற்றியும் எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கும்.

பேராசிரியர் சும்மா அமர்ந்திருந்தார் என்கிறீர்கள். தன் மாணவி எல்லோர் முன்னிலையிலும் தடுமாறுகையில் எழுந்து போய்க் கோலை வாங்காமல் நாற்காலியில் அமர்ந்திருப்பது சும்மா இருப்பதா? எனக்கு அவர்மீது மிகுந்த மரியாதை உண்டாகிறது. அந்தப் பெண்ணின் மீது அதைவிடக் கூடுதலாக. இரண்டாம் பகுதி நன்றாக இருந்தது என்று அரை வரியில் கடந்துவிட்டீர்கள். வயோலாக்களும் செல்லோக்களும் சேர்ந்து மெதுவாகத் தொடங்கும் பகுதி அது. முதல் பகுதி முடிய ஏழெட்டு நிமிடங்கள் ஆகும். அதற்குள் அறுபது பேரின் நம்பிக்கையை அவள் திரும்பப் பெற்றிருக்கிறாள், சிதறவிட்ட அதே கைகளால். கடிதத்தை அங்கிருந்து தொடங்கியிருந்தீர்கள் என்றால் இத்தனை வசவு வாங்கியிருக்க மாட்டீர்கள்.

நம் பல்கலைக்கழகங்களில் இவை ஏன் இல்லை என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். அதைக் கேட்பவர்கள் பொதுவாக ஒரு புலம்பலை எதிர்பார்க்கிறார்கள், எனக்கு இன்று அதற்கு மனமில்லை. அடுத்த பருவ நிகழ்ச்சிக்கு முன்னால் அவர்களிடம் அனுமதி கேட்டு ஓர் ஒத்திகைக்குப் போய் அமருங்கள். நடு வரிசையில் அமர்ந்தால் நடத்துநரின் முதுகுதான் தெரியும், முகம் தெரியும்படி பக்கவாட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நண்பரையும் அழைத்துப் போங்கள்.