நர்சிங் படிப்புக்கு அரசு உதவித்தொகை: பண்ருட்டித் தாயார் ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதம் கிடைத்தது. முந்திரி உடைக்கும் கூலியை வைத்தே இரண்டு பிள்ளைகளையும் அரசுப் பள்ளியில் படிக்க வைத்திருக்கிறீர்கள். மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்று, பி.எஸ்சி. நர்சிங் சேர விரும்புகிறாள். இந்த நேரத்தில் புதுச்சேரிப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றுக்காக வீடு தேடி வந்த தரகர், 'எஸ்.சி. பிள்ளைக்கு எல்லாக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும், இப்போதைக்கு முன்பணம் மட்டும் கொடுங்கள்' என்று சொல்லியிருக்கிறார். அந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல வேண்டியது. மகளின் அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் தரகர் கையில் ஒப்படைக்காதீர்கள்.

அரசு உதவித்தொகை இருப்பது உண்மைதான். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஆதிதிராவிட மாணவர்களுக்கான 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகைக்கு மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் பணம் ஒதுக்குகின்றன. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கல்வி நிறுவனத்தின் திரும்பப் பெற முடியாத கட்டணங்களும், அவற்றுடன் ஆண்டுக்கொரு படிப்புதவித் தொகையும் கிடைக்கும். நர்சிங், பார்மசி, பிற துணை மருத்துவப் படிப்புகளுக்கு அந்தத் தொகை விடுதியில் தங்குவோருக்கு 9,500 ரூபாய், வீட்டிலிருந்து சென்று வருவோருக்கு 6,500 ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். உங்கள் குடும்பம் கிறித்தவ மதத்துக்கு மாறியிருந்தால் மத்தியத் திட்டம் பொருந்தாது. ஆனால் அத்தகைய மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து உதவித்தொகை வழங்குகிறது.

தரகர் சொல்லாமல் விட்டது இனிமேல்தான் வருகிறது. இந்தக் கட்டண ஈடு மாணவி சேரும் படிப்பை மட்டும் பார்த்துத் தரப்படுவதில்லை. அந்த இடம் எந்த வழியில் கிடைத்தது என்பதையும் பார்த்தே தரப்படுகிறது. கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் நிர்வாக ஒதுக்கீட்டிலோ, கலந்தாய்வு முடிந்த பிறகு நேரடிச் சேர்க்கையிலோ வாங்கிய இடத்துக்கான கட்டணம் இத்திட்டத்தில் திரும்பக் கிடைக்காது. தரகர்கள் விற்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களைத்தான். முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டில் உதவித்தொகை வராது என்று தெரிந்த பின், கல்லூரியில் மாட்டிக்கொண்ட சான்றிதழுக்காக அலையும் பெற்றோர் பலரை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கலந்தாய்வு வழியாகச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்கிற்கும் மற்றத் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கும் மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு இணையவழியில் விண்ணப்பம் பெற்று, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை வெளியிட்டு, அரசுக் கல்லூரி இடங்களையும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களையும் நிரப்புகிறது. உங்கள் மாவட்டத்திலேயே சிதம்பரம் அண்ணாமலை நகரில், முன்பு பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கி வந்த மருத்துவ, பல் மருத்துவ, நர்சிங் கல்லூரிகளை 2021-இல் அரசு தன் சுகாதாரத் துறையின் கீழ் கொண்டு வந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளுக்கு உள்ள கட்டணமே தங்களுக்கும் வேண்டும் என்று அங்கே படித்த மாணவர்கள் நாள்கணக்கில் போராடியதன் பயனாகக் கிடைத்த முடிவு அது. விண்ணப்பத்தில் கல்லூரி விருப்பத்தை வரிசைப்படுத்தும்போது, வீட்டுக்கு அருகில் என்பதற்காகத் தனியார் கல்லூரியை முன்னால் போட்டுவிட்டுத் தொலைவில் உள்ள அரசுக் கல்லூரியைப் பின்னால் தள்ளிவிடாதீர்கள்.

புதுச்சேரியைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கடலூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால், அதையும் நம் ஊராகவே நினைத்துக் கொள்கிறோம். உதவித்தொகை விதி அப்படி நினைப்பதில்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை வழங்குவது கல்லூரி இருக்கும் மாநிலம் அன்று. மாணவியின் நிரந்தர இருப்பிடம் எங்கே உள்ளதோ அந்த மாநில அரசுதான் வழங்கும். எனவே மகள் புதுச்சேரியில் படித்தாலும் விண்ணப்பம் தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் நலத்துறைக்கே செல்ல வேண்டும். புதுச்சேரியின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகச் சேருவோருக்குப் பெருந்தலைவர் காமராசர் பெயரில் புதுச்சேரி அரசு வழங்கும் நிதியுதவி அந்த யூனியன் பிரதேசத்தில் வசிப்போருக்கானது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 2023-24 முதல் அங்கே உள்ள 10 விழுக்காடு உள் ஒதுக்கீடும் அப்படியே. தரகர் இந்த இரண்டில் எதைக் காட்டிப் பேசினாலும் அது பண்ருட்டிப் பிள்ளைக்கு உரியதன்று. ஜிப்மர் மட்டும் வேறு கணக்கு. அது மத்திய அரசு நிறுவனம் என்பதால் அங்கே எந்த மாநிலத்தவரும் போட்டியிடலாம், கட்டணமும் குறைவு. ஆனால் அங்கே நர்சிங் சேரவும் நீட் மதிப்பெண் வேண்டும், மகள் இவ்வாண்டு நீட் எழுதவில்லை என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

சான்றிதழ்களைக் கலந்தாய்வுக்கு முன்பே தயார் செய்யுங்கள், சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆதிதிராவிடர் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குகிறார். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் நேரடியாக விசாரித்து வழங்க வேண்டும். உங்கள் தெருவுக்கு அருகே இருளர் குடும்பங்கள் இருந்து, அங்கே படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால், பத்தாம் வகுப்பு முடிந்த உடனேயே இதற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் அந்த விசாரணையில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். சென்ற ஆண்டு வாங்கியதை வைத்துக்கொண்டு இருக்காமல் இவ்வாண்டுக்குப் புதிதாக வாங்குங்கள். குடும்பத்தில் பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் எவருமே பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு வழியே தொழிற்படிப்பில் சேருவோருக்கான இந்தக் கல்விக் கட்டணச் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது. வேறு எந்தத் திட்டத்திலும் அடங்காத பிற்படுத்தப்பட்ட வகுப்புக் குடும்பங்களுக்கே இது அதிகம் கைகொடுக்கிறது என்றாலும், உங்களுக்கும் கையில் இருப்பது நல்லது.

எல்லாத் தகுதியும் இருந்தும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலான நேரங்களில் காரணம் வங்கிக் கணக்குதான். உதவித்தொகை ஆதார் எண் வழியாக அனுப்பப்படுவதால், விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கணக்குக்கு அது வருமென்று சொல்ல முடியாது. ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே போய்ச் சேரும். பள்ளியில் தொடங்கிய கணக்கு, தபால் நிலையக் கணக்கு என்று மகளுக்கு இரண்டு மூன்று இருந்தால், வங்கிக்கு நேரில் சென்று எந்தக் கணக்கில் மானியத் தொகை பெறும் இணைப்பு உள்ளது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தாகவும் ஆதாரில் தகப்பனார் பெயர் முழுவதுமாகவும் இருப்பதுபோன்ற சிறு வேறுபாடுகளையும் இப்போதே திருத்திவிடுங்கள். கல்லூரியில் சேர்ந்தவுடன், கல்லூரி மாணவர்களின் விவரங்களைப் பதிவு செய்யும் அரசுத் தளமான யு.எம்.ஐ.எஸ்.-இல் எண் உருவாக்கப்பட்டதா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கல்லூரி மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பம் அந்த எண்ணின் வழியேதான் நகர்கிறது.

வருகின்ற பணத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. மத்திய அரசின் பங்கு மாணவியின் கணக்கிலேயே நேரடியாக வரவு வைக்கப்படுகிறது. அதில் படிப்புதவித் தொகையுடன் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணமும் அடங்கியிருக்கும். வீட்டில் பணமுடை இருக்கும் மாதத்தில் அதிலிருந்து எடுத்துவிட்டுப் பிறகு கல்லூரிக்குக் கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. ஆகவே கல்லூரிப் பங்கு எவ்வளவு என்பதை அலுவலகத்தில் கேட்டு முதலில் அதைக் கட்டிவிடுங்கள். தகுதியுள்ள மாணவியை முன்கட்டணம் கேட்காமல் சேர்த்துக்கொண்டு, உதவித்தொகை வந்த பிறகு கட்டணம் பெற வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கம். அடுத்தடுத்த ஆண்டுகளில் தொகை தொடர 75 விழுக்காடு வருகைப் பதிவு வேண்டும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததால், தமிழ்நாட்டில் சேரும் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, மற்ற உதவித்தொகைகள் இதற்குத் தடையாகா. நலத்துறை விடுதியில் இடம் கிடைத்தால் உணவுக்கும் தங்குவதற்கும் செலவில்லை. இவ்வளவும் போதாத நிலை வந்தால் மட்டும் கல்விக் கடனைப் பற்றி யோசிக்கலாம், அதையும் வங்கியிலேயே வாங்குங்கள், கந்துவட்டிக்கு வேண்டாம்.

எட்டாம் வகுப்பு முடித்த மகனை, டாக்டருக்குப் படிக்க வைக்கும் எண்ணத்தில், தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். மருத்துவம், பல் மருத்துவம், சித்தா, ஓமியோபதி ஆகியவற்றில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ள 7.5 விழுக்காடு இடங்கள், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்து நீட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு உரியவை. அந்த வழியில் தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை மாற்றினால் அந்த உரிமை போய்விடும். தனியார் பள்ளிக்குக் கட்ட நினைத்த பணத்தில் ஒரு பகுதியைப் பின்னால் அவனுடைய நீட் பயிற்சிக்கு எடுத்து வையுங்கள்.

இந்த வாரமே இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் சென்று வாருங்கள். கலந்தாய்வில் இடம் கிடைத்த பின்பும் எந்தக் கல்லூரியாவது முன்பணம் கேட்டு வற்புறுத்தினால், கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் எழுத்து மூலம் மனு கொடுங்கள், அல்லது திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமே கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.