நகராட்சிப் பூங்காவில் நடைபாதை போடும் டெண்டருக்கு எத்தனை சதவீதம் குறைத்துப் போட்டால் வேலை கிடைக்கும்?

சதவீதத்தைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் பூங்கா எந்த ஊரில், என்ன மண், தண்ணீர் எங்கிருந்து என்று ஒரு வார்த்தை இல்லை. புதிதாக ஒப்பந்ததாரர் பதிவு வாங்கியவர், ஒன்றிரண்டு சின்ன வேலை முடித்த சான்று கையில் இருக்கிறது, பக்கத்தில் யாரோ '20 லெஸ் போடு தம்பி (எஸ்டிமேட்டில் 20 சதவீதம் குறைத்து), கண்ணை மூடிக்கிட்டு கிடைக்கும்' என்று ஏற்றிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அப்படி இல்லையென்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். 20 போட்டால் கிடைக்கும்தான், அதில் சந்தேகமே இல்லை.

நான் ராமநாதபுரம் கடலோரத்தில் இதே தொழில்தான் செய்கிறேன். பேவர் பிளாக், வாறுகால், சிறு பாலம், எப்போதாவது பூங்கா. ஊர்ப் பெயரும் அலுவலகப் பெயரும் சொல்ல மாட்டேன், நாளைக்கும் அங்கேதான் பில் வாங்கப் போய் நிற்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு பூங்கா வேலை எடுத்தேன். சுற்றிலும் பேவர் பிளாக் நடைபாதை, இரண்டு ஓரமும் கெர்ப் எனும் விளிம்புக் கல், நடுவில் நடப்பதற்குக் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதை, கேட்டுக்குத் தூண், கம்பிவேலி. நான் போட்டது 3 சதவீதம் லெஸ். என்னோடு போட்டவர் இரண்டே பேர், ஒருவருடைய சால்வன்சி சான்று, அதாவது சொத்து மதிப்புச் சான்று, காலாவதியாகி, விலையைத் திறப்பதற்கு முன்னால் தகுதியைப் பார்க்கும் முதல் கவரிலேயே வெளியே போய்விட்டார், இன்னொருவர் எஸ்டிமேட்டுக்கு மேலேயே போட்டிருந்தார். வேலை எனக்கு வந்தது. அன்றிலிருந்து டீக்கடையில் 'ரிங் போட்டு எடுத்துட்டான்' என்று பேச்சு, அதாவது போட்டியாளர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி வைத்துக்கொண்டோமாம். நம் தொழிலில் ரிங் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை, சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் 3 லெஸ் போட்டவன் எல்லாம் ரிங், 25 போட்டவன் எல்லாம் உத்தமன் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த 3 எப்படி வந்தது என்று சொல்கிறேன். டெண்டர் போடுவதற்கு முன்னாலேயே இடத்தைப் போய்ப் பார்த்தேன். பூங்காவுக்குள் ஒரு போர்வெல் இருந்ததால் எஸ்டிமேட்டில் தண்ணீருக்கு என்று தனியாக எதுவும் இல்லை. கையில் பிடித்து வாயில் வைத்தாலே தெரிந்துவிடும், கரிப்பு. ஆனால் நாக்கு ருசியை வைத்து ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) பேச முடியாதே, பாட்டிலில் பிடித்து லேபுக்குக் கொடுத்தேன். கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கம்பி இல்லாததற்கு 2000, அதற்கு மேல் போகக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. எங்கள் போர் இரண்டையும் தாண்டிவிட்டது. அதாவது கேட் தூணுக்கு மட்டுமில்லை, கெர்ப் கல்லுக்கு அடியில் போடும் சாதா கான்கிரீட்டுக்குக்கூட ஆகாது. லாரித் தண்ணீர்தான் வழி என்று முடிவு பண்ணி, அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டேன்.

கணக்கில் வராத ஒன்று வேலை ஆரம்பித்த பிறகு வந்தது. முதல் லாரி உள்ளே வந்து டிரம்மில் ஓஸைப் போட்டதுமே, பின்தெருவிலிருந்து தள்ளுவண்டியில் குடங்களோடு பெண்கள் வந்துவிட்டார்கள். "குடம் குடமா காசு குடுத்து வாங்கிக் குடிக்கிறோம், நீங்க நல்ல தண்ணியை சிமெண்டுல ஊத்துறீங்களா?" என்று ஒரு அக்கா பிடித்துக்கொண்டார். இது உங்கள் லைன் தண்ணீர் இல்லை அக்கா, நான் காசு கொடுத்து வாங்கியது என்றேன். "உனக்குக் காசு யாரு குடுக்குறா? நகராட்சி. நகராட்சிக்கு யாரு குடுக்குறா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் ஒவ்வொரு லோடுக்கும் முதலில் குடங்கள், பிறகுதான் டிரம். மேஸ்திரி முனகிக்கொண்டே இருந்தார், கலவை காய்ந்துகொண்டிருக்குமே. கச்சான் காற்று அடிக்கிற மாதம் வேறு, கெர்ப் மேல் நனைத்துப் போட்ட சணல் சாக்கு திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பளம் போல விறைத்துக் கிடக்கும், மறுபடி ஊற்ற வேண்டும். இது பில்லுக்கு அளவு எழுதும் எந்த எம்.புக்கில் ஏறும்? கடைசியில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது பாருங்கள், 'பூங்கா வேலையில் குடிநீர் வீணடிப்பு' என்று. படத்தின் ஓரத்தில் குடங்களும் தெரிந்தன, அதை யாரும் கேட்கவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜல்லியும் எம்-சாண்டும் நம் கடலோரத்தில் கிடையாது, சிவகங்கை, மதுரை, விருதுநகர் பக்கமிருந்துதான் வர வேண்டும், எஸ்டிமேட்டில் லீடு, அதாவது ஏற்றி வரும் தூரம், எந்தக் குவாரியிலிருந்து போட்டிருக்கிறார்கள், அந்தக் குவாரி இப்போது ஓடுகிறதா என்று விசாரியுங்கள். காலடியில் கிடக்கிறதே என்று கடற்கரை மணலை பிளாக்குக்கு அடியில் பரப்பினால் உப்பு மேலேறி வெள்ளையாகப் பூத்துவிடும், அள்ளினால் கேஸும் வரும். சீமைக் கருவேலத்துக்கு 'புதர் அகற்றுதல்' என்று சதுர மீட்டர் கணக்கில் ஒரு தொகை இருக்கும். அது மேலே வெட்டத்தான் காணும், தூரை ஜேசிபி வைத்துத் தோண்டாமல் விட்டால் மழைக்குத் துளிர்த்து பிளாக்கைத் தூக்கும், தூக்கினால் பராமரிப்புக் காலத்தில் நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். நேர்பாதைக்கும் வளைவுக்கும் ஒரே ரேட்டுதான், ஆனால் வளைவில் ஓரம் ஓரமாக கட்டர் வைத்து அறுத்து வீணாகும் பிளாக்கும் அதற்கு ஆகும் கூலியும் உங்கள் கணக்கு. பிளாக் எத்தனை மில்லிமீட்டர் கனம், என்ன கிரேடு (வலிமை) என்று டெண்டரின் வேலைப் பட்டியலான ஷெட்யூலில் பாருங்கள். 60 மி.மீ., எம்-35 என்று இருந்தால் டெஸ்ட் ரிப்போர்ட்டோடு தரும் யார்டில் விலை கேளுங்கள், ரோட்டோரத்தில் அடுக்கி வைத்திருப்பவரிடம் கேட்டால் வேறு விலை சொல்வார்.

இப்போது உங்கள் 20-க்கு வருவோம். எஸ்டிமேட் 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 20 லெஸ் என்பது 32 லட்சம். 15 சதவீதத்துக்கு மேல் லெஸ் போனால் வித்தியாசத்தில் பாதியைக் கூடுதல் வைப்பாகக் கட்டச் சொல்வது நம் டெண்டர்களில் வழக்கம், உங்கள் டெண்டரில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். 8 லட்சத்தில் பாதி, 4 லட்சம், வேலை முடியும் வரை முடங்கிக் கிடக்கும். அதற்கு வட்டிக்கு வாங்கினால் வட்டி யார் கட்டுவது? பில்லில் வருமான வரிப் பிடித்தம் தனிநபருக்கு 1 சதவீதம், ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம், நிறுத்திவைக்கும் தொகை வேறு. உள்ளாட்சி ஒப்பந்த வேலைக்கு 2022 ஜூலையிலிருந்து ஜி.எஸ்.டி. 12 இல்லை, 18. இது தெரியாமல் பழைய ஷீட்டையே நகலெடுத்துக் கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

20 லெஸ் போட்டு நன்றாகவே முடித்தவர்கள் இருக்கிறார்கள் என்று யாராவது கமென்டில் வருவார்கள். இருக்கலாம். சொந்தமாக பிளாக் யார்டு, ஜேசிபி, டிப்பர் எல்லாம் வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கே வேறு. அவரைப் பார்த்து வாடகை வண்டிக்காரர் போடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இவ்வளவு சொன்னவன் இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் என் தம்பிக்குப் பெண் பார்த்தோம். 'காண்ட்ராக்ட் தொழிலா, மாசச் சம்பளம் இல்லையே' என்று முதலில் இழுத்தார்கள், அப்புறம் 'அதான் பில்லுல நல்லா அடிச்சிருப்பாங்களே' என்று அதே வாயால் ஒரு சிரிப்பு. வருமானமே இல்லாதவன், அதே நேரத்தில் கொள்ளையடிப்பவன், இரண்டுமாக ஒரே ஆள் எப்படி இருக்க முடியும்? துபாயில் என்ன வேலை என்றே தெரியாத மாப்பிள்ளைக்கு அந்தப் பெண்ணைக் கொடுத்தார்கள். நல்லா இருக்கட்டும்.

சரி, உங்களுக்கு. ஆன்லைனில் கையெழுத்திடும் டிஜிட்டல் சிக்னேச்சர் காலாவதியாகாமல் இருக்கிறதா பாருங்கள், ஆன்லைனில் கடைசி மணி நேரத்துக்கு விடாமல் முதல் நாளே ஏற்றிவிடுங்கள். முடிவு அநியாயமாகப் பட்டால் 1998-ஆம் வருடத் தமிழ்நாடு டெண்டர் சட்டத்தில் அரசுக்கு மேல்முறையீடு உண்டு, உத்தரவு கையில் கிடைத்த 10 நாளுக்குள் போட வேண்டும், டீக்கடையில் புலம்பிக்கொண்டே அதைத் தவறவிடுகிறார்கள். கேட்ட கேள்விக்குப் பதில்: கடலோரப் பூங்கா, வாடகை வண்டி, லாரித் தண்ணீர் என்றால் எனக்கு 4-க்கு மேல் மனசு வராது. ஜேசிபி சொந்தமாக இருந்தால் 6, 7 வரை பார்க்கலாம். போரில் நல்ல தண்ணீர் வரும் ஊர் என்றால் என்னைக் கேட்காதீர்கள், அந்தக் கணக்கு எனக்குப் பழக்கமில்லை.