புது பெல்ட் போட்டும் கீச்சு சத்தம் போகவில்லையா? முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் டைனமோ, ஏசியைச் சுற்றும் பெல்ட் கீச்சென்று கத்துகிறது, ஏசி போட்டால் கூடுகிறது, பெல்ட் மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது, மறுபடியும் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் அப்படி அவசரப்பட்டு ஒரே மழைக்காலத்தில் இரண்டு பெல்ட் வாங்கினேன், இரண்டிலும் கோளாறு இல்லை.

எனக்கு ஊர் செங்கோட்டை. வாரத்தில் இரண்டு நாளாவது புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய் வருவேன். ஜூலைச் சாரலில் ஒரு நாள் கிச் கிச் கிச் என்று குருவி கத்துவது போல ஆரம்பித்தது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் வேகமானது. ஊரில் பெல்ட்டை மாற்றினார்கள், ஒரு வாரம் அமைதி, மறுபடி அதே சத்தம், மறுபடி பெல்ட். கடைசியில் புனலூரில் ஒரு வொர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். அந்தச் சேட்டன் எஞ்சினை ஓடவிட்டு, பெல்ட்டின் பல் உள்ள பக்கத்தில் பாட்டிலிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினார். சத்தம் நின்றது, சில விநாடியில் திரும்ப வந்தது. "புல்லி நேரே அல்ல" என்றார், அவ்வளவுதான். எஞ்சினை அணைத்து நீளமான இரும்பு ஸ்கேலைப் புல்லிகளின், அதாவது பெல்ட் ஓடும் சக்கரங்களின், முகத்தில் வைத்துக் காட்டினார்: பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவின் புல்லி மட்டும் ஓரிரு மில்லிமீட்டர் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. சில மாதம் முன்பு டைனமோவைக் கழற்றி வேலை பார்த்தபோது, பின்பக்கம் போட வேண்டிய வாஷரை முன்பக்கம் போட்டுவிட்டிருந்தார்கள். வாஷரை இடம் மாற்றினார், சத்தம் போயே போய்விட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, தண்ணீர் பட்டதும் சத்தம் குறைந்து மறுபடி வந்தால் புல்லி நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் இன்னும் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, அதாவது இழுவிசை போதவில்லை. உங்களுடையது என்னுடையதைப் போலக் கிச் கிச் ரகம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியில் குறைந்ததை நிரப்ப டைனமோ பாரமாகச் சுற்றும், ஏசி போட்டால் கம்ப்ரசர் பாரமும் சேரும், அந்த இரண்டு நேரத்திலும் நீளமாகக் கீய்ய்ய் என்று வந்தால் அது வழுக்கல்தான். புது பெல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும், அப்போது ஒரு முறை மறுபடி இழுத்து முறுக்க வேண்டும், பல இடங்களில் அதைச் செய்வதே இல்லை.

கையால் முறுக்கும் வகை என்றால், எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பொதுவாக 10 மி.மீ. அளவுக்கு அமுங்கும், ஆனால் உங்கள் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுதான் கணக்கு. தளர்ந்திருந்தால் டைனமோவின் போல்ட்டுகளை இளக்கி, அட்ஜஸ்டரைத் திருப்பி, மறுபடி இறுக்க வேண்டும். சத்தம் போகட்டும் என்று விறைப்பாக முறுக்கிவிடாதீர்கள், டைனமோ பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும், அது பெல்ட்டை விடப் பெரிய செலவு. தானாக முறுக்கும் டென்ஷனர் இருந்தால், எஞ்சின் ஓடும்போது தள்ளி நின்று பாருங்கள், அதன் கை ஓயாமல் உதறினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

முறுக்கு சரியாக இருந்தும் கத்தினால் பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றோ, ஆட்டத்தோடோ சுற்றினால் பேரிங் போய்விட்டது. பெல்ட்டில் ஆயிலோ கூலன்ட்டோ பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டிருந்தால் கசிவை அடைக்காமல் எத்தனை பெல்ட் போட்டாலும் வீண்தான். சோப்பு, பவுடர், ஸ்பிரே எதையும் தடவாதீர்கள், சத்தம் கொஞ்ச நேரம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும், அழுக்கு வேறு பிடித்துக்கொள்ளும்.

மழை ஈரத்தில் காலையில் ஓரிரு விநாடி மட்டும் கத்தி நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, துப்பட்டா எதுவும் ஓடும் எஞ்சின் பக்கம் போகக் கூடாது, தண்ணீர் பீய்ச்சுவதும் கையை எட்டவே வைத்துத்தான். அப்புறம், மலைப் பாதையில் போகும்போது சத்தம் திடீரென்று நின்று டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தால், சரியாகிவிட்டது என்று நினைத்து ஏற்றத்தில் ஓட்டாதீர்கள். பெல்ட் அறுந்திருக்கலாம், பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, எஞ்சின் கொதிக்க அதிக நேரம் ஆகாது. அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள்.