பேய்ப் பட டிஸ்க் விற்றுப் பிழைக்க முடியுமா?

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகனுக்கு கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டம் முடிய இன்னும் ஒரு செமஸ்டர்தான் பாக்கி. வேலைக்கு விண்ணப்பிக்காமல் அறை முழுக்கப் பழைய பேய்ப் பட டிஸ்க்குகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார், கேட்டால் இதுதான் என் தொழில் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். "இந்தக் காலத்தில் டிஸ்க்கை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்?" என்ற உங்கள் கேள்வி நியாயமானது. தபாலில் டிவிடி அனுப்பி வளர்ந்த நெட்ஃபிளிக்ஸே அதை 2023 செப்டம்பரோடு மூடிவிட்டது. எலக்ட்ரானிக்ஸ் கடைத்தொடரான பெஸ்ட் பை 2024இல் டிஸ்க் விற்பனையைக் கைவிட்டது.

ஆனால் அவர்கள் விட்டுப்போனது, படத்தைப் பார்த்தால் போதும் என்கிற கூட்டத்தை. வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற கூட்டம் சிறியது, பிடிவாதமானது, செலவுக்கு அஞ்சாதது. அதை நம்பி நடக்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் பல உண்டு. சியாட்டிலில் சம்திங் வியர்ட் வீடியோ 1990இலேயே தொடங்கிவிட்டது. 2006இல் செவரின் வந்தது. 2012இல் வினிகர் சிண்ட்ரோம் வந்தது. கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் இருக்கும் இந்த நிறுவனம், யாரும் சீண்டாத பழைய திகில் படங்களின் நெகட்டிவைத் தேடிப்பிடித்து, ஸ்கேன் செய்து, ப்ளூ-ரேயாகவும் 4கே டிஸ்க்காகவும் வெளியிடுகிறது. அதனால் தொழில் இருக்கிறதா என்ற கவலையை விடுங்கள். தம்பி சொல்வது எந்தத் தொழிலை என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இதில் இரண்டு வேலைகள் உண்டு. மற்றவர்கள் வெளியிட்ட டிஸ்க்கை வாங்கி விற்பது ஒன்று. படத்தின் உரிமையை வாங்கித் தானே வெளியிடுவது இன்னொன்று. முதலாவதுக்குச் சில ஆயிரம் டாலரும் பொறுமையும் போதும். இரண்டாவதில் உரிமம், ஸ்கேன், நிறத் திருத்தம், சப்டைட்டில், உறை ஓவியம், அச்சு என்று ஒவ்வொன்றுக்கும் முன்பணம் போய்விடும், டிஸ்க் விற்ற பிறகே காசு திரும்பும். இருபத்திரண்டு வயதில் நேராக இரண்டாவதில் குதிப்பதாக இருந்தால் உங்கள் பயத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

முதல் வேலையின் கணக்கையும் தம்பியை உட்காரவைத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு பேச்சுக்கு, 30 டாலருக்கு விற்கும் புது டிஸ்க் மொத்த விலையில் 19 டாலருக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈபே போன்ற தளத்தில் விற்றால் கட்டணமாகச் சுமார் 5 டாலர் போகும். தபாலும் பெட்டியுமாகச் சுமார் 5 டாலர். மிச்சம் ஒரு டாலர். அந்த ஒரு டாலருக்காக அவர் டிஸ்க்கைப் படம் எடுத்து, விவரம் எழுதி, பொதி கட்டி, தபால் நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டும். டிஸ்க் பெட்டிக்கு மேல் வரும் அட்டை உறையான ஸ்லிப்கவரின் மூலை கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் சேகரிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார். உள்ளே டிஸ்க் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவரிடம் வாதாட முடியாது, அவர் காசு கொடுத்தது அந்த அட்டைக்கும் சேர்த்துத்தான். புத்தகம், டிஸ்க் போன்றவற்றுக்கு மட்டுமான அஞ்சல் துறையின் மீடியா மெயில் மலிவானது. ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு டி-ஷர்ட்டைச் சேர்த்து வைத்தால் விதிமீறல்.

ஆக, புது டிஸ்க்கில் பெரிய லாபம் கிடையாது. காசு இருப்பது அச்சு நின்றுபோன பதிப்புகளிலும், யாரோ வீடு மாறும்போது மொத்தமாகத் தள்ளிவிடும் பெட்டிகளிலும்தான். ஒரு பெட்டியில் இருநூறு டிஸ்க் இருந்தால் எந்த ஐந்து விலைபோகும் என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிய வேண்டும். அந்த அறிவு தம்பியிடம் இருக்கலாம். அறை முழுக்க அடுக்கிவைத்திருப்பவருக்கு அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் அதே ஆளுக்கு அந்த ஐந்தையும் விற்க மனம் வருமா? இந்தத் தொழிலில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கடைக்காரர் தன் சரக்கைத் தானே ரசித்துக்கொண்டிருந்தால் வாடகை யார் கொடுப்பது?

அடுத்தது சட்டம். இதில் விளையாட்டே வேண்டாம். முறையாக வாங்கிய டிஸ்க்கை மறுபடி விற்க அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு அனுமதிக்கிறது. வெளிநாட்டில் முறையாகத் தயாரான பிரதிக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. தாய்லாந்திலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவர் அங்கே மலிவாகக் கிடைத்த பாடப்புத்தகங்களை வரவழைத்து இங்கே விற்றதால் வந்த வழக்கு அது. அவர் புண்ணியத்தில் பிரிட்டனின் ஆரோ நிறுவன டிஸ்க்குகளைத் தம்பி தாராளமாக இறக்குமதி செய்து விற்கலாம். ஒன்றை மட்டும் விவரத்தில் தெளிவாக எழுத வேண்டும்: பிரிட்டனின் ப்ளூ-ரே பி மண்டலம், அமெரிக்காவின் பிளேயர் ஏ மண்டலம், மண்டலப் பூட்டு உள்ள டிஸ்க் இங்கே ஓடாது. 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

கிடைக்காத படத்தை வீட்டில் நகலெடுத்து விற்பது வேறு கதை. "எங்கேயும் கிடைக்கவில்லை, அதனால் நகல் போட்டுத் தருகிறேன்" என்பது இந்த உலகத்தில் சகஜமாகக் காதில் விழும் பேச்சு. வழக்கு என்று வந்தால் ஒரு படத்துக்கு 750 முதல் 30,000 டாலர் வரை நஷ்டஈடு கேட்கலாம், வேண்டுமென்றே செய்தது என்று நிரூபித்தால் 1,50,000 வரை போகும்.

உரிமை யாரிடமும் இல்லாமல் பொதுச் சொத்தாகிவிட்ட படங்கள் இருக்கின்றனவே என்று தம்பி சொல்லக்கூடும். ஜார்ஜ் ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுப் படமான நைட் ஆஃப் தி லிவிங் டெட் அப்படிப்பட்டதுதான். வெளியீட்டின்போது தலைப்பை மாற்றினார்கள், புதுத் தலைப்பு அட்டையில் பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டது, அக்காலச் சட்டப்படி உரிமையே போய்விட்டது. ஆனால் எல்லோரும் வெளியிடக்கூடிய படத்தைத் தம்பியிடம் வந்து ஏன் வாங்க வேண்டும்? அதோடு, அமெரிக்காவில் உரிமை போயிருந்த வெளிநாட்டுப் படங்கள் பலவற்றுக்கு 1996இல் உரிமை திரும்பக் கிடைத்தது. பழைய இத்தாலியத் திகில் படங்களை இலவசச் சொத்து என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உரிமை வைத்திருப்பவரின் கையெழுத்து இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது என்பதை வீட்டில் ஒரு சட்டமாகவே வைத்துவிடுங்கள்.

உங்கள் மாநிலத்திலேயே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பார்சிப்பனியில் சில்லர் தியேட்டர், செர்ரி ஹில்லில் மான்ஸ்டர்-மேனியா என்று திகில் ரசிகர்கள் கூடும் சந்தைகள் நடக்கின்றன. அங்கே விற்க ஒரு மேசை எடுப்பதற்கு முன் ஒருமுறை நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள். முகமூடி, ரத்தச் சாயம் எல்லாம் இருக்கும், பயப்படாதீர்கள். டூரிங் டாக்கீஸில் விட்டலாச்சார்யா படத்துக்கு முண்டியடித்த கூட்டம்தான் இதுவும். எந்த மேசையில் ஆள் நிற்கிறது, என்ன விலைக்குப் பேரம் முடிகிறது என்று நீங்கள் பார்த்துவிட்டு வந்தால், பிறகு வீட்டில் நடக்கும் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்த நிறுவனங்களில் சில பழைய ஆபாசப் படங்களையும் வெளியிடுகின்றன. அதைத் தம்பி விற்கப்போகிறாரா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

பேய்ப் படம் என்றால் ஹாலிவுட், இத்தாலி என்று மட்டும் நினைக்க வேண்டாம். மோண்டோ மகாப்ரோ என்ற நிறுவனம் மும்பை ராம்சே சகோதரர்களின் இந்தித் திகில் படங்களை வெளியிட்டிருக்கிறது, அமெரிக்கச் சேகரிப்பாளர்களும் வாங்குகிறார்கள். தமிழ் பேசத் தெரிந்த ஒருவர் கோடம்பாக்கத்தில் நெகட்டிவ் உரிமை யாரிடம், வீடியோ உரிமை யாரிடம் என்று விசாரிக்க முடியும். சிக்கலான வேலை, அடுத்த வருடம் நடக்கப்போவதும் அல்ல. ஆனாலும் பக்கத்து மேசைக்காரரிடம் இல்லாத ஒன்று அது.

விசா விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. தம்பி குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் என்றால் தடையில்லை. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் என்றால் இந்த விற்பனையை இன்றே நிறுத்திவிட்டுக் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள், பொழுதுபோக்குக்கு விற்றேன் என்ற பதில் எடுபடாது. மற்றபடி நியூ ஜெர்சியில் தொழிலைப் பதிவு செய்ய வேண்டும், நேரடி விற்பனைக்கு 6.625 சதவீத விற்பனை வரியை வசூலித்துக் கட்ட வேண்டும். லாபத்தில் வருமான வரி தவிர, சுயதொழில் வரியாக ஏறத்தாழ 15.3 சதவீதம் தனியாகப் போகும். இதைக் கணக்கில் சேர்க்காமல்தான் பல பிள்ளைகள் வரி கட்டும் முதல் ஏப்ரலில் விழிக்கிறார்கள்.

பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் பிள்ளைகள் 26 வயது வரை இருக்கலாம். அதையே கெடுவாக வையுங்கள். அதுவரை ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டு மாலையிலும் வார இறுதியிலும் விற்கட்டும். முதலீடு அவர் சேமிப்பிலிருந்து வரட்டும், உங்கள் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து வேண்டாம். வேலையும் இதற்குப் பக்கத்திலேயே இருந்தால் நல்லது. பழைய ஃபிலிமின் கீறலையும் ஆட்டத்தையும் இன்று மென்பொருளில்தான் சரிசெய்கிறார்கள், கம்ப்யூட்டர் படித்தவருக்கு அங்கே இடம் உண்டு. மேலே படிக்க ஆசை வந்தால், ராச்செஸ்டரின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் 1996 முதல் திரைப்படப் பாதுகாப்புக்கென ஒரு பள்ளியே நடத்துகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதற்கென இரண்டு வருட முதுகலைப் படிப்பு இருக்கிறது, ஆனால் கட்டணம் அதிகம், உதவித்தொகை இல்லாமல் சேர வேண்டாம்.

சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். சினிமா டிஸ்க் வியாபாரம் என்று சொல்லுங்கள், பொய்யில்லை.

இப்போதைக்குத் தம்பியிடம் மூன்று மாதக் கணக்கு கேளுங்கள்: என்ன வாங்கினார், என்ன விற்றார், கட்டணம், தபால், திரும்பி வந்தது, தனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டது. கடைசி வரியை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். அதை எனக்கு அனுப்பினால், பட்டம் வாங்கியதும் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவரையும் வைத்துக்கொண்டே பேசலாம்.