கார்டா, ப்ராசஸரா, டிஸ்க்கா? வீடியோ எடிட்டர்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: காரைக்குடியில் கல்யாண ஸ்டுடியோ நடத்துகிறேன். ஐ5-12400எஃப் ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, 32 ஜிபி ராம் போட்டு மெஷின் அசெம்பிள் செய்தோம். சோனி கேமராவில் 10-பிட் 4:2:2-வில் எடுத்த க்ளிப்பை ப்ரீமியர் எடிட்டிங் மென்பொருளில் போட்டால் டைம்லைன் விக்கி விக்கி ஓடுகிறது. 4070 கார்டு போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். 4070 போட்டாலும் இதே விக்கல் இருக்கும். என்விடியாவின் 40 வரிசை வரை எந்தக் கார்டிலும், 4090 உட்பட, நிற விவரம் கூடுதலாக உள்ள 4:2:2 ஃபைலின் சுருக்கத்தை விரிக்கும் (டீகோடு செய்யும்) ஹார்டுவேர் கிடையாது. அந்த வேலை முழுக்க ப்ராசஸர் தலையில் விழுகிறது. மூன்று கேமரா மல்டிகேம் என்றால் அது திணறத்தான் செய்யும்.

இன்டெல் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் குயிக் சிங்க் என்ற பகுதி உண்டு. 11-ஆம் தலைமுறையிலிருந்து அது ஹெச்.265 என்ற முறையில் சுருக்கிய 10-பிட் 4:2:2-வை எளிதாக விரிக்கும். ஆனால் உங்களுடையது 'எஃப்' மாடல். அதில் உள் கிராபிக்ஸே இல்லை. கேம் ஆடுகிறவருக்கு அந்த மெஷின் அருமையானது, உங்கள் வேலைக்குத்தான் பொருந்தவில்லை.

எதையும் வாங்குமுன் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் உங்கள் க்ளிப் ஒன்றைத் திறந்து பாருங்கள். ஃபார்மட் என்ற இடத்தில் ஹெச்ஈவிசி என்றிருந்தால் அது ஹெச்.265, ஏவிசி என்றிருந்தால் ஹெச்.264.

ஹெச்.265 என்றால் 'எஃப்' இல்லாத சாதா ஐ5-12400 போதும். அதே போர்டு, அதே சாக்கெட். பழையதைக் கைமாற்றிவிட்டால் செலவும் குறையும். மாட்டிய பிறகு பயாஸில் (மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ் திரையில்) உள் கிராபிக்ஸ் எப்போதும் இயங்கும்படி வையுங்கள். பல போர்டுகளில் அது ஐஜிபியு மல்டி மானிட்டர் என்ற பெயரில் இருக்கும். இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரைப் போடுங்கள். ப்ரீமியரின் ப்ரிஃபரன்ஸஸ், மீடியா பகுதியில் ஹார்டுவேர் டீகோடிங்கில் இன்டெல்லை டிக் செய்து மென்பொருளை மூடித் திறங்கள். பயாஸ் வேலையை விட்டுவிட்டு "ப்ராசஸர் மாற்றியும் பிரயோஜனமில்லை" என்பவர்கள்தான் அதிகம்.

செகண்ட் ஹேண்டில் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர் கிடைத்தால் கொஞ்சம் யோசியுங்கள். அவற்றில் பல டெஸ்க்டாப் மாடல்கள் அதிக வோல்டேஜால் நிலைகுலைந்ததை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டித்தது. திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்தது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன ப்ராசஸரை அப்டேட் மீட்டுத் தராது.

ஹெச்.264 என்றால் கதை வேறு. 10-பிட் 4:2:2 ஹெச்.264-ஐ 12 முதல் 14 வரையிலான தலைமுறை இன்டெல்கூட விரிக்காது. நம் ஊரில் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். சோனியில் பால் (PAL) எனும் 25/50 ஃப்ரேம் முறையில் 4கே 25 ஃப்ரேம் எடுத்தால் எக்ஸ்ஏவிசி எஸ், அதாவது ஹெச்.264தான் கிடைக்கும், ஹெச்.265 ஆன எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ் பெரும்பாலான மாடல்களில் 50 ஃப்ரேமிலிருந்துதான் வரும். ஆகவே 50 ஃப்ரேமுக்கு மாறலாம். அல்லது ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு வாங்கலாம்; அது 4:2:2-வை ஹெச்.264, ஹெச்.265 இரண்டிலும் விரிக்கும், எடிட்டிங் மென்பொருள் புதிய பதிப்பாக இருக்க வேண்டும்.

காசே செலவழிக்காத வழி ப்ராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் சின்ன நகல். க்ளிப்புகளைத் தேர்ந்து, ரைட் க்ளிக்கில் ப்ராக்ஸி, கிரியேட் ப்ராக்ஸிஸ் கொடுத்து, ப்ரோரெஸ் ப்ராக்ஸியில் சின்ன அளவாக ராத்திரி ஓடவிடுங்கள். காலையில் வெண்ணெயாக ஓடும். எக்ஸ்போர்ட் அசல் ஃபைலிலிருந்தே போவதால் தரம் குறையாது. மாதம் இரண்டு மூன்று கல்யாணம் செய்கிறவருக்கு எங்கள் சிபாரிசு இதுதான்.

கேள்வி: தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். மாப்பிள்ளை அழைப்பு, திருப்பூட்டு (தாலி கட்டுதல்), பெண் அழைப்பு என்று எல்லாவற்றையும் மூன்று கேமராவில் எடுக்கிறோம். 1 டிபி போர்ட்டபிள் டிஸ்க் ஒன்றில் போட்டு அதிலிருந்தே எடிட் செய்கிறோம். போதுமா?

பதில்: கணக்குப் போடுங்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) பதிவு மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். கேமராவுக்கு 6 மணி நேரம் என்றால் மொத்தம் 18 மணி, 810 ஜிபி. 10-பிட் 4:2:2-வில் 140 எம்பிபிஎஸ்ஸில் எடுத்தால் மணிக்கு 63 ஜிபி. மொத்தம் 1,134 ஜிபி. ஒரு கல்யாணமே உங்கள் டிஸ்க்கை நிரப்பிவிடும்.

சின்ன போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் வகை. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஓரமாக ஏற்றி எழுதுவதால், தொடர்ந்து எழுதினால் சிறிது நேரத்தில் வேகம் சரிந்துவிடும். அது பேக்கப்புக்குச் சரி, எடிட்டிங்குக்குச் சரியில்லை. எடிட் செய்ய மெஷினுக்குள் 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வையுங்கள். எஸ்எஸ்டியின் சிப் வகைகளில் டிஎல்சியாகக் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த க்யூஎல்சியில் கேஷ் (வேகமாக எழுதும் தற்காலிக இடம்) நிரம்பியதும் எழுதும் வேகம் ஹார்டு டிஸ்க்கைவிடக் கீழே போகக்கூடும். 800 ஜிபியை ஒரே மூச்சில் இறக்குகிறபோதுதான் அது தெரியும்.

முடித்த வேலைகளுக்கு 3.5 அங்குல சிஎம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாத வகை) டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை ஸ்டுடியோவிலும் மற்றதை வீட்டிலும் வையுங்கள். டெராகாப்பி என்ற பிரதி எடுக்கும் மென்பொருளில் வெரிஃபை (சரிபார்ப்பு) போட்டு இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகே மெமரி கார்டை ஃபார்மட் செய்யுங்கள். திருப்பூட்டை இன்னொரு தடவை எடுக்க முடியாது.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் சொந்தங்களுக்கு 20 ஜிபி அனுப்ப, 50 எம்பிபிஎஸ் அப்லோடு வேகம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். இன்டர்நெட் இணைப்பு வாங்கும்போது டவுன்லோடு வேகத்தை மட்டும் கேட்காமல் அப்லோடு எவ்வளவு என்றும் கேளுங்கள்.

கேள்வி: டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு தொழிலுக்குப் போதுமா? எங்கே கற்பது? (பள்ளத்தூர்)

பதில்: 8-பிட்டில் எடுப்பவருக்குப் போதும். 4கே யுஹெச்டி, 60 ஃப்ரேம் வரை வாட்டர்மார்க் இல்லாமல் எக்ஸ்போர்ட் ஆகும். விண்டோஸில் 10-பிட் ஹெச்.265 க்ளிப்பைப் போட்டால் ஒலி மட்டும் வந்து படம் வராமல் போகலாம். அதற்குக் காசு கொடுத்து வாங்கும் 'ஸ்டுடியோ' பதிப்பு வேண்டும். மங்கலான முகப்பு வெளிச்சத்தில் எடுத்த காட்சியின் குருணையை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் ஸ்டுடியோவில்தான். அதன் விலை 295 டாலர், ஒரே தடவை கட்டினால் போதும், இரண்டு மெஷினில் போடலாம். கிராக் பதிப்பு பக்கம் போகாதீர்கள். வாடிக்கையாளரின் குடும்பப் படங்கள் இருக்கும் மெஷின் அது.

கற்க, ரிசால்வைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் நிறுவனத்தின் தளத்திலேயே பாடப்புத்தகங்கள் பிடிஎஃப்பாகவும் பயிற்சிக் க்ளிப்புகளுடனும் இலவசமாக இருக்கின்றன. யூடியூபில் பத்து ட்ரிக் பார்ப்பதைவிட அதில் முதல் புத்தகத்தை முடிப்பது மேல்.

கேள்வி: ப்ரீமியரில் தமிழ் டைட்டில் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறுகின்றன. யுனிகோடு ஃபாண்ட்தான். (கானாடுகாத்தான்)

பதில்: ப்ரிஃபரன்ஸஸ், கிராபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை சவுத் ஏசியன் அண்டு மிடில் ஈஸ்டர்ன் என்று மாற்றுங்கள். மாற்றிய பிறகும் பழைய டைட்டில் சரியாகவில்லை என்றால் புதிதாகவே அடித்துவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், கவிவனார், பவனம் ஆகியவை கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கும். வணிக வேலைக்கும் இலவசம்.

கேள்வி: ஆன்லைனில் 4 டிபி எஸ்எஸ்டி மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினேன். 100 ஜிபிக்கு மேல் போட்ட ஃபைல்கள் திறக்கவில்லை. விற்றவர் பதிலே சொல்வதில்லை. ஸ்டுடியோவுக்காக வாங்கியதால் நுகர்வோர் புகார் செல்லாது என்கிறார்கள். (கோட்டையூர்)

பதில்: செல்லும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொன்னாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. சொந்தமாக ஸ்டுடியோ நடத்திப் பிழைக்கிறவர் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பல கிளைகள் வைத்து ஆள் போட்டு நடத்துகிறவருக்கு இந்த வாதம் எளிதில் நிற்காது.

உங்களிடம் இருப்பது கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் டிஸ்க். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலை ஓட்டினால் உண்மையில் எத்தனை ஜிபி என்று எழுத்தில் காட்டிவிடும். டிஸ்க் காலியாக இருக்க வேண்டும். 4 டிபிக்குப் பல மணி நேரம் ஆகும். அந்த முடிவின் ஸ்க்ரீன்ஷாட், பில், விளம்பரப் பக்கத்தின் படம், விற்றவருக்கு அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். பல விவகாரங்கள் இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் அரசின் இ-ஜாக்ரிதி தளம் வழியாக சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்தில் வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

அடுத்த முறை டிஸ்க்கோ மெமரி கார்டோ வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கல்யாணத்துக்கு எடுத்துப் போங்கள்.