சிங்கப்பூர் மழைநடையில் நெருக்கப் படங்கள் எடுப்பது எப்படி?

இலையுதிர்காலமே இல்லாத சிங்கப்பூரில் மழைநடையும், சிறு பொருள்களை மிக அருகிலிருந்து எடுக்கும் நெருக்கப் படங்களும் சுவைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாகச் சுவைக்கும், வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களே அதற்கு மிகவும் உகந்தவை என்பேன்.

மழை விட்டதும் மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டுப் பாதையில் நடந்து பாருங்கள். மேகம் மூடிய வானம் வெளிச்சத்தைச் சீராகப் பரப்புவதால் கடும் நிழல் விழாது. சேம்பிலையில் நீர் ஒட்டாமல் முத்தாக உருள்வதற்கு, அதன் மேற்பரப்பில் மெழுகு படிந்த நுண்ணிய மேடுகள் துளியைத் தாங்கி நிற்பதே காரணம். புல்நுனியில் தொங்கும் துளியோ ஒரு சிறிய குவிவில்லை. அதன் பின்னால் ஒரு பூ இருந்தால், அந்தப் பூ துளிக்குள் தலைகீழாகத் தெரியும். அப்போது குவியத்தைப் பூவின்மீது வைக்காமல், துளிக்குள் தெரியும் பிம்பத்தின்மீது வையுங்கள். இவ்வளவு நெருக்கத்தில் தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர் மட்டுமே என்பதால் லென்ஸில் ஒளி புகும் துவாரத்தை எஃப் 8 முதல் எஃப் 11 வரையிலான அளவுக்குச் சுருக்கி வைத்து, காற்று அடங்கும் கணத்துக்காகப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். ஈர இலையின் பளபளப்பு கண்ணைக் கூசினால் லென்ஸின் முன் பொருத்தும், எதிரொளிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி உதவும்.

இடி கேட்டால் மட்டும், எவ்வளவு அருமையான காட்சியாக இருந்தாலும், மரத்தடியில் நிற்காமல் உடனே கட்டடத்துக்குள் சென்றுவிடுங்கள்.