காசிஸ் புட்டியிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,

சென்னையில் சட்டம் முடித்துவிட்டு இப்போது நெதர்லாந்தில் எல்.எல்.எம். படிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தைச் சட்டம் பாடம். எல்லைகள் இல்லாத சந்தை என்றதும் பெரிய அரசியல் தத்துவம் ஒன்றை எதிர்பார்த்தேன். வருவதெல்லாம் மதுப்புட்டி, பீர், காபி, ஸ்ட்ராபெரி. வழக்குப் பெயர்களை உருப்போட்டே களைத்துவிட்டேன். போதாக்குறைக்கு ஒரே பிரிவுக்கு ஒவ்வொரு காலத்துத் தீர்ப்பிலும் ஒவ்வோர் எண். இதை எப்படிப் படிப்பது?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

எண் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். இந்தச் சந்தைக்கு அடித்தளமிட்டு 1957இல் கையெழுத்தான ரோம் ஒப்பந்தத்தில், இறக்குமதிக்கு விதிக்கும் அளவுக் கட்டுப்பாடுகளையும் அவற்றுக்கு நிகரான நடவடிக்கைகளையும் தடுக்கும் பிரிவு 30. ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் 1999இல் நடைமுறைக்கு வந்தபோது அது 28 ஆனது. லிஸ்பன் ஒப்பந்தத்தால் 2009 டிசம்பரிலிருந்து 34. இடையில் 30 என்பது விதிவிலக்குகளுக்கான பிரிவாக இருந்தது. இன்று அதே 30 சுங்கவரித் தடையைக் குறிக்கிறது. ஆகவே பிரிவு எண்ணுக்கு முன் தீர்ப்பின் ஆண்டைப் பாருங்கள். சிறு அட்டவணை ஒன்றை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்தால் சீக்கிரம் பழகிவிடும்.

இனி உங்கள் உண்மையான மனக்குறை. நீங்கள் தேடும் தத்துவம் அந்தப் புட்டிகளுக்குள்தான் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் காசிஸ் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ரேவே நிறுவனம் பிரான்சிலிருந்து காசிஸ் த டிஜோன் என்ற இனிப்பான பழ மதுவை இறக்குமதி செய்ய விரும்பியது. அதில் ஆல்கஹால் 15 முதல் 20 சதவீதம். இவ்வகைப் பழ மதுவில் குறைந்தது 25 சதவீதம் இருந்தாக வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். கொண்டுவரலாம், ஆனால் விற்க முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த விதி உள்நாட்டு மதுவுக்கும் அயல்நாட்டு மதுவுக்கும் ஒன்றுதான். யாரையும் அது பெயர் சொல்லி ஒதுக்கவில்லை. பாரபட்சமே காட்டாத விதி எப்படித் தடையாகும்? பாடம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. பிரான்சின் டிஜோன் நகரத்துக்காரர் தன் ஊரில் சட்டப்படி செய்து விற்பதை, ரைன் நதியைத் தாண்டியதும் வேறு பக்குவத்தில் செய் என்கிறது அந்த விதி. எத்தனை நாடுகளோ அத்தனை பக்குவம் என்றால் சிறிய உற்பத்தியாளர் தன் ஊரைவிட்டு நகரவே முடியாது.

ஜெர்மன் அரசு என்ன சொன்னது? மென்மையான மது எளிதாகக் குடிப்பழக்கத்தை உண்டாக்கும். கடுமையான மதுவைக் காட்டிலும் இதுவே ஆபத்து. இரண்டாவது, ஆல்கஹால்தான் விலை கூடிய சரக்கு. அதைக் குறைத்துச் செய்பவர் போட்டியில் முறையற்ற லாபம் அடைவார். லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் இரண்டையும் பொறுமையாக ஆராய்ந்தது. கடையில் ஏற்கெனவே மென்மையான மதுக்கள் நிறைய இருக்கின்றன. கடுமையானவற்றையும் மக்கள் பெரும்பாலும் ஏதாவது கலந்துதான் குடிக்கிறார்கள். வாங்குபவர் ஏமாறக் கூடாது என்றால் எத்தனை சதவீதம் என்று சீட்டில் எழுதினாலே போதும். ஒரு நாட்டில் முறையாகச் செய்து விற்கும் பொருளை இன்னொரு நாடு தக்க காரணமின்றி மறுக்க முடியாது என்ற கொள்கை அங்கிருந்துதான் வேர்விட்டது.

நான் படிக்கத் தொடங்கியபோது முடிவை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த வழக்குக்குத் தாவினேன். அது வீண் உழைப்பு. தோற்ற தரப்பின் வாதத்தை நிதானமாகப் படியுங்கள். மக்கள் நலம், வாங்குபவர் பாதுகாப்பு, நியாயமான வணிகம் என்று சொல்லித்தான் எந்த அரசும் எல்லையை மூடுகிறது. அந்தச் சொற்களில் எது உண்மையான அக்கறை, எது உள்ளூர் வியாபாரிக்குப் போட்ட வேலி என்று பிரித்தறியும் பழக்கம் வந்துவிட்டால் வழக்குப் பெயர்கள் தாமாக மனதில் நிற்கும்.

கதவு திறந்த பிறகு நெரிசலும் வந்தது. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கத் தடை இருந்ததைக்கூட இறக்குமதிக்குத் தடை என்று வாதிட்டார்கள். 1993இல் கெக் வழக்கில் நீதிமன்றம் பின்வாங்கியது. வாங்கிய விலைக்கும் குறைவாகக் காபியும் பீரும் விற்றதற்காக பிரான்சில் தொடர்ந்த வழக்கு அது. பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற விதி வேறு, எப்படி விற்க வேண்டும் என்ற விதி வேறு. பின்னது எல்லோரையும் ஒன்றுபோலத் தொடுமானால் பிரிவு 30 அதைத் தீண்டாது என்றது. முன்பு தீர்மானித்ததற்கு மாறாக இதைச் சொல்கிறோம் என்று தீர்ப்பிலேயே எழுதிய நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் பிரிப்பு எனக்கு நிறைவு தரவில்லை. விளம்பரத்தைத் தடுத்தால் ஏற்கெனவே பெயர் எடுத்த உள்ளூர்ப் பொருளுக்கு நட்டம் குறைவு. புதிதாக நுழைவதற்குத்தான் அடி. அப்படியிருக்க, ‘ஒன்றுபோல’ என்பதை எப்படி அளப்பது?

நீங்கள் சென்னையில் படித்த இந்திய அரசியலமைப்பின் 301ஆம் பிரிவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இந்தியா முழுவதும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. அஸ்ஸாமிலிருந்து கல்கத்தாவுக்குப் போன தேயிலைக்கு விதித்த வரியை 1960இல் அட்டியாபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். உங்களோடு படிக்கும் ஐரோப்பிய மாணவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

அடுத்து இரண்டு தீர்ப்புகளை ஒரே மூச்சில் படியுங்கள். முதலாவது 1997இல் வந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த ஸ்ட்ராபெரி லாரிகளைப் பிரெஞ்சு விவசாயிகள் மறித்துச் சரக்கை நாசமாக்கினார்கள்; காவல்துறை தடுக்கவில்லை. கைகட்டி நின்றதற்காக பிரான்சையே குற்றவாளி என்றது நீதிமன்றம். இரண்டாவது, 2003இல் வந்த ஷ்மிட்பெர்கர் வழக்கு. ஆல்ப்ஸ் மலையின் பிரென்னர் கணவாயில், லாரிப் புகைக்கு எதிராகச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று முன்கூட்டித் தெரிவித்துவிட்டு 1998 ஜூனில் நெடுஞ்சாலையைக் கிட்டத்தட்ட 30 மணி நேரம் மறித்தது. ஆஸ்திரியா அதை அனுமதித்தது. லாரி நிறுவனம் நட்டஈடு கேட்டது. பேச்சுரிமையையும் கூடும் உரிமையையும் காரணம் காட்டிய ஆஸ்திரியாவின் பக்கமே நீதிமன்றம் நின்றது.

இரண்டிலும் நின்றவை லாரிகள்தாம். தீர்ப்பு ஏன் மாறியது என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி எனக்கு அனுப்புங்கள். ஆஸ்திரியா செய்தது சரியா என்று உங்களுக்குத் தோன்றுவதையும் சேர்த்து எழுதுங்கள்.